நான் "அந்த மாதிரி ஆள்" இல்லையே, கணினி அறிவியல் எனக்கு ஒத்துவருமா?

அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் கணினி அறிவியல் இடம் பெற்று, கல்லூரியில் ஆறு வாரங்களை முடித்திருக்கும் மாணவி ஒருவர் இங்கே கேட்டிருக்கிறார். வகுப்பில் நான்கைந்து பையன்கள் எட்டாம் வகுப்பிலிருந்தே கோடிங் எழுதிப் பழகியவர்கள். அவர்கள் பேசிக்கொள்ளும் கணினி விளையாட்டுகளும் அனிமே தொடர்களும் இவருக்குத் தெரியாது. "படங்களில் வருகிற கீக் (கணினியே கதியென்று கிடக்கும் பையன்) மாதிரி நான் இல்லை. எனக்கு இது பிறவியிலேயே இல்லையோ? துறை மாறிவிடலாமா?" என்று முடித்திருக்கிறார்.

துறை மாற்றத்தைப் பற்றிய கேள்வியாக இது முடிந்தாலும், உங்கள் மனத்தில் இருப்பது அதுவல்ல என்று நினைக்கிறேன். நீங்கள் எழுதியதில் "பாடம் புரியவில்லை" என்ற வரி எங்குமே இல்லை. முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வில் 50-க்கு 31 வாங்கியிருப்பதாகச் சொல்கிறீர்கள். ஆறே வாரத்தில், அதுவும் ஆங்கிலப் பாடநூலோடு மல்லுக்கட்டிக்கொண்டு, அது நல்ல மதிப்பெண். உங்களை வாட்டுவது வேறு: இந்தப் படிப்புக்கென்றே ஒரு வகை மனிதர் இருக்கிறார், அந்த வகையில் நான் சேரவில்லை என்ற எண்ணம். அந்த மனிதர் எங்கிருந்து வந்தார், அவருக்கும் இந்த வேலைக்கும் என்ன உறவு என்பதைப் பற்றி என்னால் கொஞ்சம் சொல்ல முடியும். தென்மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் 23 ஆண்டுகளாக முதலாண்டு மாணவர்களுக்குச் சி மொழி கற்பித்து வருகிறேன். என் அனுபவம் ஒரே கல்லூரியின் அனுபவம். நான் உளவியல் படித்தவளும் அல்ல. அதனால் ஆய்வில் நிலைநாட்டப்பட்டது எது, நான் கண்ணால் கண்டது எது, என் ஊகம் எது என்று பிரித்தே எழுதுகிறேன்.

ஆண்டுதோறும் மூன்றாவது வாரத்தில் "எக்ஸ் = எக்ஸ் + 1" என்று கரும்பலகையில் எழுதுவேன். பெரும்பாலோர் அப்படியே நோட்டில் குறித்துக்கொள்வார்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி மட்டும் எழுதாமல் பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். என்னவென்று கேட்டேன். எழுந்து நின்று, "இது எப்படி மேடம் சரியாகும்? ஓர் எண்ணும் அதைவிட ஒன்று கூடுதலான எண்ணும் எப்படிச் சமமாகும்?" என்றாள். பின் பெஞ்சில் சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்களுக்கு அந்த வரி பழகிப்போயிருந்தது, அவ்வளவுதான். அவள் கேட்டதோ, நிரல் மொழிகளை உருவாக்கியவர்கள் தங்களுக்குள் வாதிட்டுக்கொண்ட விஷயம். கணிதத்தில் சமக்குறிக்கு ஒரு பொருள் இருக்க, "வலப்பக்கத்து மதிப்பை எடுத்து இடப்பக்கத்துப் பெட்டியில் போடு" என்ற கட்டளைக்கும் அதே குறியைப் பயன்படுத்தியது ஃபார்ட்ரான் மொழி. இந்தக் குழப்பம் வரக் கூடாது என்பதற்காகவே அல்கால், பாஸ்கல் என்ற மொழிகளில் சமக்குறிக்கு முன்னால் ஒரு முக்காற்புள்ளியைச் சேர்த்தார்கள். சி மொழி மறுபடி வெறும் சமக்குறிக்கே திரும்பிவிட்டது. இதை விளக்கியபோது வகுப்பு அமைதியாகக் கேட்டது. பிளஸ் டூ வரை கணிதத்தை ஒழுங்காகப் படித்த எவருக்கும் எழ வேண்டிய சந்தேகம்தான் அவளுக்கு எழுந்தது. ஆனால் அந்தப் பருவம் முழுவதும் தன்னை மந்தம் என்று நம்பிக்கொண்டிருந்ததாக இறுதியாண்டில் அவளே சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் அந்த வரியை எழுதும் விதத்தையே மாற்றிக்கொண்டேன். முதலில் இரண்டு பெட்டிகளை வரைகிறேன், அப்புறம்தான் குறி.

இதே சமக்குறிதான், "பிறவியிலேயே" என்று நீங்கள் எழுதிய சொல்லோடு நேரடித் தொடர்புள்ள ஓர் ஆய்வின் மையமும். 2006-இல் இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சயீத் தெஹ்நாதியும் ரிச்சர்ட் போர்னாட்டும் ஒரு கட்டுரையைச் சுற்றுக்கு விட்டார்கள். பாடம் தொடங்கும் முன்பே மாணவர்களிடம், ஏ-யின் மதிப்பு 10, பி-யின் மதிப்பு 20, இப்போது ஏ = பி என்று எழுதினால் இரண்டும் என்னவாகும் என்பது போன்ற கேள்விகளைக் கொடுத்தார்கள். விடை சரியோ தவறோ, எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே விதியைச் சீராகப் பின்பற்றியவர்கள் பிறகு தேறுகிறார்கள், மற்றவர்கள் திணறுகிறார்கள் என்றார்கள். நிரல் எழுத வருகிறவர்கள், வராதவர்கள் என்று மாணவர்கள் இரண்டு கூட்டமாக இருக்கிறார்கள், மதிப்பெண்களை வரைபடமாகப் போட்டால் ஒட்டகத்தின் இரண்டு திமில்களைப் போல் தெரியும் என்பது வாதம். ஆசிரியர்களிடையே அது காட்டுத்தீ போலப் பரவியது. எங்கள் துறை அறையிலும் அதை மேற்கோள் காட்டிப் பேசியிருக்கிறார்கள். ஆனால் 2014-இல் போர்னாட் தாமே முன்வந்து, அப்படிப் பிரித்துக்காட்டும் சோதனை எதையும் தாங்கள் கண்டுபிடிக்கவில்லை என்று எழுதி, அந்த வாதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கட்டுரையைப் படித்தவர்களில் எத்தனை பேர் அந்தத் திரும்பப் பெறுதலைப் படித்தார்கள் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இரண்டு திமில் என்பதே உண்மைதானா என்று 2016-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்து மதிப்பெண்களை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். 778 கணினி அறிவியல் வகுப்புகளின் இறுதி மதிப்பெண்களை ஆராய்ந்ததில், 5.8 சதவீத வகுப்புகளில் மட்டுமே ஒன்றுக்கு மேற்பட்ட திமில் இருப்பதற்கான அறிகுறி கிடைத்தது. மற்றவை எல்லாம் எந்தப் பாடத்திலும் காணும் சாதாரணப் பரவல்தான். அதே ஆய்வின் இன்னொரு பகுதி என்னை அதிகம் யோசிக்க வைத்தது. தெளிவில்லாத சில வரைபடங்களை ஆசிரியர்களிடம் காட்டியபோது, பிறவித் திறமையை நம்புகிறவர்களே அவற்றில் இரண்டு திமில்களைப் பார்க்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. நிரலாக்கம் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் வருகிறது என்று நான் சொல்லவில்லை. வருவதில்லை. சிலருக்குச் சட்டென்று பிடிபடுகிறது, சிலருக்கு நாளாகிறது. உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: நடுவில் பள்ளம் வெட்டி இரண்டு சாதியாகப் பிரிக்கும்படி எதையும் யாரும் காட்டவில்லை. உங்கள் வகுப்பில் நீங்கள் காணும் பள்ளம், எட்டாம் வகுப்பில் வீட்டில் கணினி இருந்தவருக்கும் இல்லாதவருக்கும் இடையே உள்ள ஐந்தாண்டுப் பழக்கம். என் வகுப்புகளில், தரவுக் கட்டமைப்புகள் பாடம் வரும் மூன்றாம் பருவத்துக்குள் அது பெரும்பாலும் தூர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இது என் கண்ணால் கண்டது, கணக்கெடுத்ததல்ல.

இனி அந்தக் கீக் என்ற மனிதரைப் பற்றி. அந்தச் சொல் முதலில் பாராட்டே அல்ல. அமெரிக்கத் திருவிழாக் கூடாரங்களில் உயிருள்ள கோழியின் தலையைக் கடித்துக் காட்டிப் பிழைத்தவனை அப்படி அழைத்தார்கள். கீக்கோடு சேர்த்தே சொல்லப்படும் நெர்டு என்ற சொல்லுக்கு வேர் இன்னும் தெளிவாகவில்லை. 1950-இல் டாக்டர் சூஸ் என்ற அமெரிக்க எழுத்தாளரின் குழந்தைகள் நூலில் ஒரு விநோதப் பிராணியின் பெயராக அது அச்சில் வந்தது, அடுத்த ஆண்டே டெட்ராய்ட் இளைஞர்கள் அதை வசையாகப் பயன்படுத்துவதாக நியூஸ்வீக் இதழ் எழுதியது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. நம் ஊரில் புத்தகப்புழு, சோடாபுட்டி என்பவை இதற்கு ஓரளவு நெருங்கி வரும், ஆனால் அவை படிப்பாளியைத்தான் குறிக்கும். கணினியோடு ஒட்டிக்கொண்ட, விண்வெளிக் கதைகளும் விளையாட்டுகளுமாக வாழும் பையன் என்ற உருவம் வெளியிலிருந்து வந்தது.

அதுவும் கணினியோடு கூடவே பிறக்கவில்லை. 1946 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் எனியாக் என்ற மின்னணுக் கணினியை உலகுக்குக் காட்டினார்கள். ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள், 30 டன் எடை. அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள்: கே மெக்நல்ட்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃப்ரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன். பீரங்கிக் குண்டு செல்லும் பாதையைக் கையால் கணக்கிட்டுவந்தவர்கள் அவர்கள். தொடக்கத்தில் எந்திரம் இருந்த அறைக்குள் நுழையக்கூட அவர்களுக்கு அனுமதி இல்லை. மின்சுற்று வரைபடங்களைப் பார்த்தே அது எப்படி இயங்கும் என்று கற்றுக்கொண்டார்கள். அறிமுக நாளில் கூட்டத்தை வியக்கவைத்த குண்டுப்பாதைக் கணக்கு ஜென்னிங்ஸும் ஸ்னைடரும் அமைத்த நிரலில்தான் ஓடியது. அன்றிரவு நடந்த விருந்துக்கு அந்தப் பெண்களுக்கு அழைப்பு இல்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து கேத்தி கிளைமன் என்ற மாணவி பழைய புகைப்படங்களில் எந்திரத்தின் அருகே நின்ற பெண்கள் யார் என்று விசாரித்தபோது, குளிர்பதனப் பெட்டி விளம்பரங்களில் நிற்பது போல அழகுக்காக நிறுத்தப்பட்ட மாடல்கள் என்றே பதில் வந்தது. அந்தப் படங்களில் ஒன்றை எங்கள் ஆய்வகச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். கம்பிகளைச் செருகுவதற்காக ஒருவர் குனிந்திருக்கிறார். நடிக்கிற கை அப்படி இருக்காது.

1960-களில் கணினிகள் பெருகி நிரலர்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோதும் இந்த வேலை பெண்களுக்கு ஏற்றதென்று பேசப்பட்டது. 1967-இல் காஸ்மோபாலிட்டன் என்ற பெண்கள் இதழ் இதையொட்டி ஒரு கட்டுரையே வெளியிட்டது. நிரல் எழுதுவது விருந்துக்குத் திட்டமிடுவது போன்றது, எது எப்போது தயாராக வேண்டும் என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும், பொறுமையும் நுணுக்கமும் வேண்டும் என்று கிரேஸ் ஹாப்பர் அதில் சொல்லியிருந்தார். இவர் கடற்படை அதிகாரியாகவும் இருந்த கணித மேதை; நாம் எழுதும் நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் மொழிமாற்றி நிரல்களின் முன்னோடி. ஆனால் அதே காலத்தில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. யாரை நிரலராக எடுப்பது என்று நிறுவனங்களுக்குத் தெரியவில்லை. அதற்காக 1966-இல் வில்லியம் கேனன், டாலிஸ் பெர்ரி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1,378 நிரலர்களை ஆராய்ந்தார்கள். அவர்களில் பெண்கள் 186 பேர் மட்டுமே. புதிர் விடுவிப்பதில் ஆர்வம், மனிதர்களோடு நெருங்கிப் பழகுவதில் விருப்பமின்மை, இவ்விரண்டும் நிரலர்களின் அடையாளம் என்று முடிவு சொன்னார்கள். அந்த இரண்டாவது கண்டுபிடிப்பை வைத்தே ஆள்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுகள் அமைந்தன. நேதன் என்ஸ்மெங்கர் என்ற வரலாற்றாசிரியர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். கூச்ச சுபாவமுள்ள ஆண்களைத் தேடி எடுத்தார்கள்; எடுத்தபின், நிரலர்கள் எல்லோரும் கூச்ச சுபாவமுள்ள ஆண்களாக இருக்கிறார்களே என்று பார்த்தார்கள். சல்லடையின் கண்ணளவு தானியத்தின் இயல்பாகிவிட்டது.

இதற்குப் பிறகு நடந்தது எண்களில் தெளிவாகத் தெரிகிறது, காரணம் அவ்வளவு தெளிவில்லை. அமெரிக்காவில் கணினி அறிவியல் இளநிலைப் பட்டம் பெற்றவர்களில் பெண்களின் பங்கு 1984 வாக்கில் ஏறத்தாழ 37 சதவீதம் வரை ஏறி, பின் சரிந்து, 2010 வாக்கில் 18 சதவீதத்தை ஒட்டி வந்து நின்றது. மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளில் பெண்கள் ஏறிக்கொண்டே போன அதே ஆண்டுகள் அவை. வீட்டுக் கணினிகள் அப்போதுதான் கடைக்கு வந்தன, விளம்பரங்களில் பையன்களே அதன் முன் உட்கார்ந்திருந்தார்கள், பெற்றோர் மகனின் அறையில் வாங்கி வைத்தார்கள், கல்லூரி வகுப்பு அந்தப் பையன்களின் வேகத்துக்கு நகர்ந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். எனக்கு அது நம்பத் தகுந்ததாகவே படுகிறது, ஏனென்றால் உங்கள் வகுப்பில் நடப்பதும் அதுதான். ஆனால் மாணவர் கூட்டம் பெருகியதால் துறைகள் சேர்க்கையை இறுக்கியது போன்ற வேறு காரணங்களையும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஒன்றே காரணம் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

திரைப்படங்களும் அதே நேரத்தில் சேர்ந்துகொண்டன. 1984-இல் வந்த ரிவெஞ்ச் ஆஃப் த நெர்ட்ஸ் என்ற அமெரிக்கப் படத்தில், விளையாட்டு வீரர்களால் அவமானப்படும் கணினிப் பையன்கள் கடைசியில் வெல்கிறார்கள். கேலி செய்யப்பட்டவன் வெல்வது பார்க்க இனிமையானதுதான். ஆனால் அந்த வெற்றியின் வழியில் அவர்கள் பெண்கள் விடுதிக்குள் ரகசியக் கேமராக்களை வைக்கிறார்கள், படம் அதை நகைச்சுவையாகக் காட்டுகிறது. அந்தக் கதையில் பெண் பெரும்பாலும் பரிசுப்பொருள்தான். இந்தியர்களுக்குக் கிடைத்த இடமும் பெருமைக்குரியதல்ல. 1986-இல் வந்த ஷார்ட் சர்க்யூட் என்ற படத்தில் இந்தியப் பொறியாளராக நடித்தவர் முகத்தில் பழுப்புச் சாயம் பூசிய வெள்ளையர். 2007 முதல் 2019 வரை ஓடிய த பிக் பேங் தியரி தொடரின் இந்திய விஞ்ஞானி, பல பருவங்கள் வரை மது அருந்தாமல் பெண்களிடம் ஒரு வார்த்தை பேச முடியாதவர். நீங்கள் கண்ணாடியில் தேடிக்கொண்டிருப்பது இப்படி இன்னொருவர் வசதிக்காக வரைந்த முகத்தை.

ஒரு முகம், அதுவும் சுவரொட்டியில் இருக்கும் முகம், அவ்வளவு பாதிக்குமா என்று கேட்கலாம். பாதிக்கிறது என்று சோதித்தே காட்டியிருக்கிறார்கள். சப்னா செரியன் என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு அது. கணினித் துறைக் கட்டடத்தின் ஓர் அறையில் விண்வெளித் தொடர் சுவரொட்டி, காமிக்ஸ், விளையாட்டுப் பெட்டிகள், குளிர்பான டப்பாக்களைப் பரப்பி வைத்தார்கள். இன்னொரு முறை அவற்றை எடுத்துவிட்டு இயற்கைக் காட்சிப் படம், தண்ணீர்ப் புட்டிகள், பொதுவான இதழ்களை வைத்தார்கள். வேறு துறை மாணவர்களை உட்காரவைத்துக் கணினி அறிவியலில் எவ்வளவு ஆர்வம் என்று கேட்டபோது, முதல் அறையில் பெண்களின் ஆர்வம் ஆண்களைவிட மிகக் குறைவாக இருந்தது. இரண்டாவது அறையில் அந்த இடைவெளி மறைந்தது. யாரும் யாரையும் எதுவும் சொல்லவில்லை. அறையில் கிடந்த பொருள்கள்தான் பேசின. அந்த நான்கைந்து பையன்களின் பேச்சு உங்களுக்கு இப்படித்தான் வேலை செய்கிறது. அவர்கள் உங்களை விரட்ட நினைத்திருக்க வேண்டும் என்பதில்லை.

நம் பக்கத்துக் கதை கொஞ்சம் வேறு. மலேசியாவில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் கணினித் துறைக்கு ஆய்வுக்குப் போன நார்வே ஆய்வாளர் விவியன் லாகெசன், மாணவர்களில் பாதிக்கு மேல் பெண்கள் இருப்பதையும் துறையின் தலைவரே பெண்ணாக இருப்பதையும் பார்த்து வியந்து எழுதினார். அங்கே காரணம் கேட்டால், இது உள்ளே உட்கார்ந்து செய்யும் வேலை, பாதுகாப்பானது, பெண்களுக்கு ஏற்றது என்றார்கள். தமிழ்நாட்டுப் பெற்றோரும் இதையே சொல்வார்கள். கலந்தாய்வு நாளில் எத்தனை அப்பாக்கள் என்னிடம், "மெக்கானிக்கல் வேண்டாம் மேடம், கம்ப்யூட்டர் என்றால் ஏசி அறை, வெயிலில் அலைய வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார்கள் என்று கணக்கே இல்லை. அமெரிக்காவில் பெண்ணுக்கு ஒத்துவராது என்று சொல்லப்படும் அதே வேலையை இங்கே பெண்ணுக்குத்தான் ஒத்துவரும் என்கிறார்கள். இரண்டுமே அந்த வேலையின் இயல்பைச் சொல்லவில்லை. 2007 முதல் நுழைவுத் தேர்வு இல்லாமல் பிளஸ் டூ கட்-ஆஃபை வைத்தே இடம் கொடுப்பதும் நம் வகுப்புகளில் பெண்கள் இவ்வளவு பேர் இருப்பதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இது என் ஊகம். தனிப் பயிற்சி மையங்களில் ஆண்டுக்கணக்கில் செலவழித்து எழுதும் தேர்வை நம்பிய ஐ.ஐ.டி.களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் என்ற அளவில்தான் பெண்கள் இருந்தார்கள். 2018-இல் பெண்களுக்கென்று கூடுதல் இடங்களை உருவாக்கிய பிறகே அந்த எண்ணிக்கை ஏறியது.

எண்ணிக்கை இருப்பதால் நம்மிடம் முத்திரை குத்தும் பழக்கம் இல்லையென்று ஆகிவிடாது. இங்கே அது வேறு சொல்லில் வருகிறது. பெண் நல்ல மதிப்பெண் வாங்கினால் மனப்பாடம் என்கிறார்கள். பையன் நான்கு அரியர் வைத்திருந்து ஒரு செயலியைச் செய்து காட்டினால் மூளைக்காரன் என்கிறார்கள். துறைக் கூட்டங்களில் இதை நானே கேட்டிருக்கிறேன், சில ஆண்டுகள் வாய்மூடி இருந்திருக்கிறேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இரவு எட்டு மணிவரை ஆய்வகம் திறந்திருக்கும், ஆனால் பெண்கள் விடுதிக் கதவு ஆறரைக்கு மூடும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் பையன்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வதைப் பிறவித் திறமை என்று பிறகு பெயர் வைக்கிறோம். எங்கள் கல்லூரியில் விடுதிக்குள்ளேயே பத்துக் கணினிகள் வைக்க மூன்று ஆண்டுகள் மனுக் கொடுக்க வேண்டியிருந்தது.

அந்தப் பையன்களைக் குறை சொல்ல இதையெல்லாம் எழுதவில்லை. ஒரு பொருள்மேல் பித்தாகி, சோறு தண்ணீர் மறந்து அதைத் துருவுவது மனிதருக்குக் கிடைக்கும் பெரிய இன்பங்களில் ஒன்று. கீக் என்ற சொல்லில் நல்லதென்று ஏதாவது இருந்தால் அது இந்தப் பித்துதான். தமிழுக்கு அதனால் கிடைத்தது கொஞ்சமல்ல. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு மென்பொருளைத் தொடங்கி, கணினியில் தமிழைத் தட்டச்சு செய்ய வழி செய்தார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்க, உலகெங்குமிருந்து தன்னார்வலர்கள் சங்க இலக்கியம் தொடங்கிப் பல நூல்களை வரிவரியாகத் தட்டச்சு செய்து இலவசமாக ஏற்றினார்கள். அவர்களில் இல்லத்தரசிகளும் ஓய்வு பெற்றவர்களும் உண்டு. பித்து இருந்தது, படத்தில் வரும் அந்தப் பையனின் சாயல் அவர்களில் எத்தனை பேரிடம் இருந்திருக்கும்? புறநானூற்றைக் கணினியில் ஏற்றுவதற்கு விண்வெளித் தொடர் பார்த்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

சூழலை மாற்றினால் ஆள்கள் மாறுவார்களா என்பதற்கும் ஒரு நல்ல சான்று உண்டு. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேன் மார்கோலிஸும் ஆலன் ஃபிஷரும் மாணவர்களிடம் நீண்ட நேர்காணல்கள் நடத்தினார்கள். இரவு பகலாகக் கணினியோடு வாழும் அந்த உருவம் தாங்கள் இல்லை என்று சொன்னவர்களில் பெண்கள் அதிகம், ஆனால் ஆண்களிலும் கணிசமானவர்கள் அப்படிச் சொன்னார்கள். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: உங்கள் வகுப்பில் அமைதியாக இருக்கும் பையன்களில் பலரும் இதே கவலையோடு உட்கார்ந்திருக்கக்கூடும். அங்கே சேர்க்கையில் முன் அனுபவத்துக்குக் கொடுத்துவந்த எடையைக் குறைத்தார்கள், அனுபவம் இல்லாதவர்களுக்குத் தனித் தொடக்கப் பாடம் வைத்தார்கள், இன்னும் சில மாற்றங்களும் செய்தார்கள். 1995-இல் 7 சதவீதமாக இருந்த முதலாண்டுப் பெண்களின் பங்கு 2000-இல் 42 சதவீதமாயிற்று.

நீங்கள் இப்போது செய்யக்கூடியதைச் சொல்கிறேன். முதலாண்டு முடியும்வரை துறை மாற்றத்தைப் பற்றி முடிவெடுக்காதீர்கள். பழக்கக் குறைவு தானாகத் தீராது, மணிக்கணக்கில் உட்கார வேண்டும். வாரத்துக்கு மூன்று மாலைகள், ஒவ்வொன்றிலும் ஒரு நிரலைப் புத்தகத்தைப் பார்க்காமல் முழுதாக எழுதி ஓட வையுங்கள். பிழைச் செய்தி வந்தால் பயப்படாமல் சத்தமாகப் படியுங்கள், எந்த வரி என்று அதுவே சொல்லும். உங்களைப் போல் தொடக்க நிலையில் இருக்கும் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு ஒருவர் தட்டச்சு செய்ய மற்றவர் அடுத்த வரியைச் சொல்லட்டும். ஆங்கில விளக்கம் தடுக்கும் இடங்களில் கணியம் என்ற இணைய இதழின் தமிழ்க் கட்டுரைகளைப் படியுங்கள், கூச்சப்படத் தேவையில்லை. இவ்வளவும் செய்தபின், இரண்டாம் பருவத்தின் முடிவில், ஒரு நிரல் ஓடும்போதுகூட உங்களுக்குள் எதுவும் அசையவில்லை என்றால், அப்போது மாறுங்கள். அதில் இழிவு எதுவும் இல்லை. மாற்றத்துக்கான விதிமுறை பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடும், உங்கள் கல்லூரி அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

அடுத்த சில வாரங்களில் அரே (ஒரே பெயரில் வரிசையாக நிற்கும் பெட்டிகள்) பாடம் வரும். முதல் பெட்டிக்கு ஒன்று என்று எண் போடாமல் சுழியம் என்று ஏன் போடுகிறார்கள் என்று உங்களுக்குச் சந்தேகம் வரலாம். வந்தால் வகுப்பிலேயே எழுந்து கேளுங்கள். சரியான பதில் கிடைக்காவிட்டால் இங்கே எழுதுங்கள், பெட்டிகளை வரைந்து விளக்குகிறேன்.